நூறு நாள் சிவப்பு

டாலஸ் நகருக்கு வடக்கே நாங்கள் குடிவந்த வீட்டின் முன்னால் ஒரு குறுமரம் நின்றிருந்தது. குடிவந்தது ஒரு ஜனவரியில். அப்போது அதில் ஓர் இலைகூட இல்லை. தரையிலிருந்தே பிரிந்து எழுந்த நான்கைந்து தண்டுகள், தோலை உரித்துவிட்டதுபோல வழவழப்பாக, எலும்பின் நிறத்தில் இருந்தன. பட்டுப்போன மரம் என்றே நினைத்தேன். ஏப்ரலில் துளிர்த்தது. ஜூன் இறுதியில், வெயில் நாற்பது பாகையை நெருங்கி மற்ற பூச்செடிகளெல்லாம் தலை தொங்கிப்போன நாட்களில், கொத்துக்கொத்தாகப் பவள நிறத்தில் பூத்தது. செப்டம்பர் வரை அந்தப் பூப்பு ஓயவில்லை.

அவ்வாண்டு ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு பூவைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாதுளம்பூ மாதிரி கசங்கியிருக்கே" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அதன் பெயர் கிரேப் மிர்ட்டில் என்று தெரிந்துகொண்டேன். கிரேப் என்பது சுருக்கம் விழுந்த மெல்லிய துணி; பழைய ஐரோப்பாவில் துக்க உடைக்குப் பயன்பட்டது. மிர்ட்டில் என்பது மத்தியதரைக் கடற்கரைச் செடி. நம் நாவலும் கொய்யாவும் அதன் உறவினர்கள். ஆனால் இந்த மரத்துக்கும் மிர்ட்டிலுக்கும் நெருங்கிய உறவேதும் இல்லை. தாவரவியல் இதைச் சேர்த்திருப்பது மருதாணியும் மாதுளையும் அடங்கிய குடும்பத்தில். ஆங்கிலப் பெயர் வைத்தவர்கள் தவறிய இடத்தில் அம்மா சரியாகச் சொல்லிவிட்டார் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

அந்தப் பிழையின் நூலைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், இந்த ஒற்றைச் செடியின் மீது எத்தனை பெயர்கள் சுமத்தப்பட்டிருக்கின்றன என்று கண்டேன். நட்சத்திரம், குரங்கு, வணிகக் கம்பெனி இயக்குநர், விரட்டப்பட்ட பழங்குடிகள். செடி எங்கும் ஒன்றுதான். பெயர்கள் மட்டும் அதை அந்தந்த இடத்தில் நட்டவர்களின் கதையைச் சொல்கின்றன.

தொடக்கம் சீனத்தில். சீனர்கள் இதை ஸிவெய் என்கிறார்கள். பழைய சீன வானியலில் வடதுருவத்தைச் சூழ்ந்த விண்மீன் மண்டலத்தின் பெயரும் ஸிவெய்தான். விண்ணுலகச் சக்கரவர்த்தியின் அரண்மனை அது. மற்ற நட்சத்திரங்கள் யாவும் அதைச் சுற்றி வருவன. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வேறுபாடு, செடியின் பெயரில் தலைமேல் புல்லைக் குறிக்கும் சிறு உறுப்பு ஒன்று கூடுதலாக அமர்ந்திருக்கும். கி.பி. 713-இல் தாங் வம்சத்துப் பேரரசர் ஷுவான்சோங், அரசாணைகளை வரையும் தலைமைச் செயலகத்துக்கு அந்த விண்மீன் மண்டலத்தின் பெயரைச் சூட்டினார். மண்ணுலகச் சக்கரவர்த்திக்கு மிக அருகில் இருக்கும் அலுவலகம் அல்லவா. ஒலியொப்புமையை விரும்பும் மொழி அது. அலுவலக முற்றத்தில் அதே பெயர் கொண்ட செடி இடம்பிடித்துக்கொண்டது. நான்கே ஆண்டுகளில், 717-இல், செயலகம் தன் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது. ஆனால் இலக்கிய வழக்கில் அங்குள்ள அதிகாரிகள் தொடர்ந்து ஸிவெய் அதிகாரிகளாகவே இருந்தார்கள். ஓர் அரசாணையைவிட ஒரு சிலேடைக்கு ஆயுள் அதிகம் போலும்.

இந்தச் சிலேடையை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர் கவிஞர் பை ஜூயி. தலைநகர் சாங்கானில் பொழுது விடியும் முன்பே தலைமை அமைச்சர் ஒருவர் கொலையுண்டபோது, குற்றவாளிகளை உடனே பிடிக்க வேண்டும் என்று முந்திக்கொண்டு மனு எழுதிய குற்றத்துக்காக 815-இல் ஜியாங்ஜோ என்ற தொலைதூர ஊருக்குப் பெயரளவிலான ஒரு சிறு பதவியில் அனுப்பப்பட்டவர் அவர். பின்னர் திரும்ப அழைக்கப்பட்டு, 821-இல் அதே தலைமைச் செயலகத்தில் அரசாணைகளை எழுதும் பொறுப்பில் அமர்ந்தார். மாலை நேரத்து அலுவலகத்தின் அமைதி, தனித்து அமர்ந்திருக்கும் ஓர் அதிகாரி, அவருக்கு எதிரே அவருடைய பதவிப்பெயரையே கொண்ட ஒரு பூ. அதை அவர் நான்கே அடிகளில் எழுதினார். சீனப் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரிந்த கவிதை அது. அதிகாரத்தின் மையத்தில் இருப்பவனுக்கு ஒரு செடியைத் தவிர வேறு துணையில்லை என்பதை இத்தனை மெல்லச் சொன்ன கவிதைகள் குறைவு.

அவருடைய இன்னொரு கவிதை அவ்வளவு புகழ்பெற்றதல்ல. எனக்கு அதுவே நெருக்கமானது. 825-இல் அவர் சூஜோவின் ஆளுநராகச் சென்றார். ஐம்பது வயதைக் கடந்துவிட்டிருந்தார். அங்கே நிலவொளியில் மீண்டும் இந்தப் பூவைக் காண்கிறார். இப்போது தன்னைக் கிழவன் என்று அழைத்துக்கொள்கிறார். ஜியாங்ஜோவில், அந்த நாடுகடத்தல் காலத்தில், தன் அலுவலக விடுதியில் நின்ற இரண்டு உயரமான மரங்களை நினைத்துக்கொள்கிறார்; ஒரு புத்த மடத்து முற்றத்தில் அடர்ந்து நின்ற புதரை நினைத்துக்கொள்கிறார். ஒரு மனிதரின் பதவியேற்றமும் வீழ்ச்சியும் முதுமையும் ஒரு செடியைப் பார்த்த இடங்களின் பட்டியலாகிவிடுகின்றன. நம்மில் அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது புரியும்.

தாங் காலத்தின் பிற்பகுதியில் வந்த து மூவும் இதைப் பாடினார். கவிதைக்குள் ஓரிடத்திலும் பூவின் பெயரைச் சொல்லாமலே பாடினார் என்பது அதன் சிறப்பு. அதன் பொருட்டே அவருக்கு து ஸிவெய் என்ற பெயர் வந்தது என்பார்கள். 852-இல் அவரும் அதே செயலகத்தில் அதே பதவிக்கு வந்து சேர்ந்தார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சாதாரணச் சீனர்களுக்கு அரண்மனைச் சிலேடை தேவைப்படவில்லை. அவர்கள் இதை நூறு நாள் சிவப்பு என்றார்கள். கூச்ச மரம் என்றும் சொன்னார்கள். வழவழத்த அடித்தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால், கிச்சுகிச்சு மூட்டப்பட்ட குழந்தையைப் போல உச்சிக் கிளைகள் நடுங்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

நூறு நாள் என்ற பெயர் கொரியாவுக்கும் போயிற்று. பூசான் நகரில் எண்ணூறு ஆண்டுப் பழமை கொண்டதாகக் கருதப்படும் ஒரு மரம் 1965 முதல் அரசின் இயற்கை நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. கன்பூசியக் கல்விக்கூடங்களிலும் புத்த மடங்களிலும் இதை விரும்பி நட்டார்கள். ஆண்டுதோறும் பட்டையை உதிர்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி காட்டி நிற்பதால் அறிஞனுக்கு உகந்தது. பற்றுகளை உதிர்ப்பதால் துறவிக்கு உகந்தது. அதே காரணத்தால், ஆடையில்லாத உடலை நினைவூட்டுகிறது என்று, வீட்டின் பெண்கள் பகுதியில் மட்டும் நடக்கூடாது என்றார்கள் என்றும் சொல்வதுண்டு. பட்டை உதிர்வது ஒன்றுதான், ஆணுக்கு அறம், பெண்ணுக்கு அவமானம். இதில் நமக்குப் புதிதாக ஏதுமில்லை.

கொரியாவில் இதைப் பாடியவர்களில் ஒருவர் சோங் சாம்முன். பதினைந்தாம் நூற்றாண்டில் மன்னர் செஜோங்கின் அவையில் கொரிய எழுத்து உருவாக்கப்பட்டபோது அப்பணியில் துணைநின்ற அறிஞர்களில் ஒருவர். செஜோங்கின் பேரனான சிறுவன் தான்ஜோங்கை அரியணையிலிருந்து இறக்கிவிட்டு அவன் சிற்றப்பன் ஆட்சியைப் பிடித்தபோது, சிறுவனை மீட்கத் திட்டமிட்டுக் காட்டிக்கொடுக்கப்பட்டு 1456-இல் கொல்லப்பட்டார். தினம் ஒன்று உதிர்வதையும் தினம் ஒன்று மலர்வதையும் நூறு நாள் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றியது அவர் கவிதை. செடியை உற்றுப் பார்த்தவர்தான் இதை எழுதமுடியும். நூறு நாளும் நிற்பது ஒரே பூ அல்ல. தனிப்பூவின் ஆயுள் மிகக் குறுகியது. கொத்தில் அடுத்தடுத்து மலர்ந்துகொண்டே இருப்பதால் செடி சிவந்தே இருக்கிறது. விசுவாசம் என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விலையை அறிந்தபின் அந்தக் கவிதையை வெறும் பூக்கவிதையாகப் படிக்க முடிவதில்லை.

ஜப்பானியர்கள் செய்தது வேறு மாதிரி. எழுதும்போது அதே சீன எழுத்துகளில் நூறு நாள் சிவப்பு என்று எழுதுவார்கள். வாய்விட்டுப் படிக்கும்போது ஸாருஸுபெரி என்பார்கள், அதாவது குரங்கு வழுக்கி. கண்ணுக்குப் பூவும் காதுக்குத் தண்டும்! ஓவியர் ஹொகுசாயின் மகள் ஓயியைப் பற்றி ஹினாகோ சுகியுரா 1980-களில் வரைந்த சித்திரக்கதைத் தொடருக்கு இதுவே தலைப்பு. 2015-இல் அது அசைவூட்டத் திரைப்படமாகவும் வந்தது.

ஐரோப்பாவுக்கு இந்தச் செடியின் செய்தி முதலில் எழுத்தாகவே போய்ச் சேர்ந்தது. அம்போன் தீவில் டச்சுக் கம்பெனியின் பணியில் இருந்து, பார்வையை இழந்த பின்னும் தாவரங்களைப் பதிந்துகொண்டே இருந்த ரும்ஃபியஸ், ட்ஸ்ஜின்கின் என்ற பெயரில் இதைப் பதிவுசெய்திருந்தார். 1702-இல் அவர் இறந்து நெடுங்காலம் கழித்தே அந்தப் பகுதி அச்சேறியது. அடுத்து வருவது சுவீடன். 1731-இல் கோத்தன்பர்க் நகரில் சுவீடிய கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் கப்பல்கள் பெரும்பாலும் போனது இந்தியாவுக்கல்ல, சீனத்தின் காண்டன் துறைமுகத்துக்கு, தேயிலைக்காக. கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர் மாக்னுஸ் ஃபான் லாகர்ஸ்ட்ரோம். கீழைநாடுகளிலிருந்து வந்த செடிகளையும் பிற அரும்பொருள்களையும் திரட்டி லின்னேயஸுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் அனுப்பிய சீனப் பொருட்களைப் பற்றி மட்டுமே லின்னேயஸின் மேற்பார்வையில் 1754-இல் ஓர் ஆய்வேடு வெளிவந்தது. 1759-இல் லின்னேயஸ் இந்தச் செடியின் பேரினத்துக்கு லாகர்ஸ்ட்ரோமியா என்று பெயரிட்டார். அதே ஆண்டில் லாகர்ஸ்ட்ரோம் காலமானார்.

பேரினப் பெயராவது நன்றிக்கடன். சிற்றினத்துக்கு அவர் சூட்டிய பெயர் இண்டிகா. இந்தியாவில் இச்செடி பெரும்பாலும் தோட்டங்களில் வளர்வது. சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளாகக் கவிதைக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கம்பெனிக்காரர்களுக்கு நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே உள்ளதெல்லாம் இண்டீஸ்தான். சரக்குப் பட்டியலின் சொல்லைத் தாவரவியல் அப்படியே எடுத்துக்கொண்டது. முந்திய பெயருக்கே முதலுரிமை என்ற விதியால் இனி அதை யாரும் மாற்றவும் முடியாது.

தமிழிலும் ஒன்றும் குறைவில்லை. பழைய தாவரப் பட்டியல்களில் இதற்குப் பவளக்குறிஞ்சி என்ற பெயர் தரப்பட்டிருக்கிறது. பவளம் பொருத்தம். குறிஞ்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. உண்மையில் நம் மண்ணுக்குரிய உறவினர்கள் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வெண்தேக்கு, சாலையோரங்களில் ஊதாக் கொத்துகளாகப் பூக்கும் பூமருது. இவை இரண்டும் லாகர்ஸ்ட்ரோமியாவே. பூமருதுக்கு 1770-இல் முதலில் இடப்பட்ட பெயர் முன்ஹௌசியா. புளுகுக் கதைகளுக்குப் பேர்போன முன்ஹௌசன் பிரபுவின் குடும்பத்தைச் சேர்ந்த தாவர ஆர்வலர் ஒருவரின் நினைவாக.

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுவந்த பெருமை ஆந்த்ரே மிஷோவுக்குத் தரப்படுகிறது. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் அரசால் அமெரிக்க மரங்களைத் திரட்டி அனுப்பும் பொருட்டு 1785-இல் அனுப்பப்பட்டவர். அடுத்த ஆண்டு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே நூற்றுப்பதினொரு ஏக்கரில் ஒரு நாற்றுத் தோட்டம் அமைத்தார். இங்கிருந்து மரங்கள் போயின. பதிலுக்குக் கீழைநாட்டுச் செடிகள் வந்தன. கமேலியாவும் இதுவும் அவ்வாறு வந்தவை. சார்ல்ஸ்டனின் பண்ணை வீடுகளில் இவை விரைவில் பரவின. அந்த வீடுகளின் செல்வம், நெல்லும் அவுரியும் விளைந்த வயல்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. நெல்லும் அவுரியும் என்று படிக்கும்போது ஒரு தமிழ் வாசகருக்கு ஒரு கணம் ஊர் நினைவு வரும். அடுத்த சொல்லில் அது அறுந்துவிடும்.

தென்மாநிலங்களின் வெயிலில் செடி தழைத்தது. ஈரமான கோடையில் இலைகளில் வெண்பூஞ்சை படிவதுதான் அதன் பெரிய நோய். தீர்வு ஜப்பானிலிருந்து வந்தது. 1956-இல் ஜான் க்ரீச் என்ற அமெரிக்கத் தாவரத் தேடலாளர் யாகுஷிமா தீவில் இதன் நெருங்கிய உறவினமான வெண்பூ இனமொன்றின் விதைகளைச் சேகரித்தார். பூஞ்சையைத் தாங்கும் வலிமையும் இலவங்கப்பட்டை நிறத்துத் தண்டும் அதற்கு இருந்தன. வாஷிங்டனில் உள்ள தேசிய மரப் பூங்காவில் டொனால்ட் ஈகால்ஃப் 1962-இல் இனக்கலப்புப் பணியைத் தொடங்கி, 1990-இல் இறக்கும்வரை தொடர்ந்தார். இன்று அமெரிக்கச் சாலையோரங்களிலும் கடைவளாக வாகன நிறுத்தங்களிலும் நிற்பவற்றில் பெரும்பகுதி அவர் கைவழி வந்தவை.

அவற்றுக்கு அவர் இட்ட பெயர்கள்: செரொக்கி, செமினோல், மஸ்கோகி, நாச்செஸ், டஸ்கரோரா. எல்லாம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயர்கள். மரியாதை செய்யும் நோக்கத்தில்தான் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் அருகில் இருக்கும் நாற்றுக்கடையில் பிளாஸ்டிக் அட்டையில் நாச்செஸ் என்ற சொல்லையும் அதன் கீழே விலையையும் முதன்முறை பார்த்தபோது சற்று நின்றுவிட்டேன். நாச்செஸ் மக்கள் மிசிசிப்பி ஆற்றின் கரையில், கதிரவனின் பெயரால் ஆண்ட அரசனின் கீழ் வாழ்ந்தவர்கள். 1729-இல் தங்கள் நிலத்தைப் பறிக்க வந்த பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து எழுந்தனர். இரண்டே ஆண்டுகளில் முறியடிக்கப்பட்டனர். பிடிபட்ட நூற்றுக்கணக்கானோர் அடிமைகளாகக் கரீபியத் தீவுக்கு விற்கப்பட்டனர். தப்பியவர்கள் மற்றக் குடிகளுக்குள் கலந்தனர். செரொக்கி, மஸ்கோகி, செமினோல் மக்கள் 1830-ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்துக்குப் பின் இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டவர்கள். செரொக்கியர் மட்டும் சுமார் நாலாயிரம் பேர் அதில் மாண்டதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

எங்கள் வீட்டுமுன் நிற்பது, நிறத்தை வைத்துப் பார்த்தால், டஸ்கரோராவாக இருக்கவேண்டும். டஸ்கரோரா மக்கள் வட கரோலினாவில் 1711-இல் தொடங்கிய போரில் தோற்றவர்கள். 1713-இல் அவர்களுடைய கோட்டை ஒன்று வீழ்ந்தபோது பிடிபட்ட பல நூறு பேர் தென் கரோலினாவின் அடிமைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிச்சமிருந்தவர்கள் வடக்கே நடந்து நியூயார்க் பகுதியை அடைந்து, 1722 வாக்கில் இரோகுவா கூட்டமைப்பின் ஆறாவது குடியாகச் சேர்ந்தனர். அவர்களை விற்ற அதே மாநிலத்தில்தான் இந்தச் செடி அமெரிக்க மண்ணில் வேரூன்றியது. இரண்டு நூற்றாண்டு கழித்து அதன் வழித்தோன்றல் ஒன்றுக்கு அவர்கள் பெயர் கிடைத்திருக்கிறது. நான் வாழும் வட டெக்சாஸிலிருந்து கடோ, விச்சிட்டா மக்கள் அப்புறப்படுத்தப்பட்டது 1859-இல். அந்த நிலத்தில், அவர்களுக்கும் எனக்கும் தொடர்பில்லாத ஒரு சீனச் செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

டெக்சாஸ் 1997-இல் இதைத் தன் மாநிலப் புதராக அறிவித்தது. பிறகுதான் யாருக்கோ உறுத்தியிருக்க வேண்டும். 2005-இல் அந்த மண்ணுக்கே உரிய வேறொரு செடியை மாநிலத்தின் பூர்வீகப் புதராக அறிவித்தார்கள்.

பிப்ரவரி தோறும் இங்கே ஒரு சடங்கு உண்டு. தோட்டப் பணியாளர்கள் வாகனத்தில் வந்திறங்கி, வரிசையாக நிற்கும் மரங்களை மார்பளவு உயரத்தில் வெட்டி மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். தோட்டக்கலை தெரிந்தவர்கள் இதைக் கொலை என்றே கேலியாக எழுதுகிறார்கள். மரம் சாவதில்லை. வெட்டிய இடத்தில் கைமுட்டி போல முடிச்சு விழுந்து, அதிலிருந்து மெலிந்த குச்சிகள் கிளம்பி, பூவின் பாரம் தாங்காமல் வளையும். மொட்டையடித்தால்தான் பூக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவ்வாண்டின் புதுத் துளிரில்தான் பூ வரும் என்பது உண்மை. அதற்கு நடுமரத்தை வெட்டவேண்டியதில்லை. எங்கள் மரம் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றதால் தப்பித்துக்கொண்டது.

ஆனால் வேறொன்றிலிருந்து தப்பவில்லை. 2004-இல் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சன் நகரில், ஆசியாவிலிருந்து வந்த ஒரு செதிள்பூச்சி அமெரிக்காவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. இந்தச் செடிக்கென்றே அமைந்தது போன்ற பூச்சி. செடியின் பழைய பகைவன் இருநூறு ஆண்டுகள் கழித்து அதைத் தேடிக் கடல்கடந்து வந்துவிட்டான். பூச்சி வெளியிடும் தேன்போன்ற கசிவின் மேல் கரும்பூஞ்சை படியும். அந்த எலும்பு நிறத் தண்டு அடுப்புக்கரி பூசியதுபோல ஆகிவிடும்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் மரத்திலும் அது வந்தது. பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து, மென்மையான தூரிகையால் தண்டைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியோடு உட்கார்ந்தேன். கரி கரைந்து ஓட ஓட அடியில் பழைய வழவழப்பு தெரிந்தது. தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். காற்றில்லை. உச்சிக் குச்சிகளில் சென்ற ஆண்டின் உலர்ந்த விதைக்கூடுகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.